பயில்வானின் சில்லா

வாழ்க மிர்வாசில். மின்தூக்கிகளின் மருத்துவன், பாதி வழியில் மூச்சடைத்து நின்ற கூண்டுகளை ஒரு திருகாணியால் உயிர்ப்பிக்கிறவன், தாஷ்கண்டின் ஆறு அடுக்ககங்களில் ஏறியவர் எவரும் இறங்காமல் போனதில்லை என்ற புகழை இருபத்தாறு ஆண்டுகளாக எண்ணெய்க் கறை படிந்த கைகளால் காத்தவன். வாழ்க அவன் மென்மயிர்த் தொப்பி; பூச்சி அரித்து ஓரத்தில் இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தாலும் அது மணிமுடியே. வாழ்க அவன் முழங்கால்கள், முதலில் வலது, பிறகு இடது, ஏனெனில் இந்தப் போரில் அவை பட்ட பாடு அந்த வரிசையில்தான் பட்டது. களிறுகளையும் தேர்களையும் பாடிப் பழகிய நாக்குகள் சற்று ஓய்ந்திருக்கட்டும். இங்கே பாடப்படுவது ஒரே ஒரு பகல். காலை பத்தேகால் தொடங்கி மாலை ஐந்தரை வரை, வாடைக்கு எதிராக ஒரு மனிதன் ஓர் ஆமையைக் காத்து நின்ற பகல்.

ஆமையின் பெயர் பயில்வான். அந்த ஊர் வாயில் அது போல்வோன் என்று ஒலிக்கும். ஒலி சற்றுத் திரிந்தாலும் தொடை தட்டும் பொருள் ஒன்றே. அவன் இனத்தை அங்கே கல்தவளை என்று அழைப்பார்கள். கல்லின் பொறுமையும் தவளையின் முகமும் ஒருங்கே வாய்த்தவன் அவன். வட்டக் கேடயமே உடம்பானவன், கோட்டையைச் சுமந்துகொண்டே உலவும் கோமகன், அவசரம் என்ற சொல்லை ஐம்பது ஆண்டுகளாக அறியாதவன். அவன் குலத்தில் ஒருவன் முன்பொரு காலத்தில் ஒரு மலையையே முதுகில் தாங்கியதாக யாராவது சொன்னால், பயில்வான் தலையை உள்ளே இழுத்துக்கொள்வான். அது அடக்கம் என்று சிலரும் தூக்கம் என்று சிலரும் கூறுவர்.

அவன் மிர்வாசிலின் ஆமை அல்ல, அவன் மனைவி மஸ்தூராவின் ஆமை. செம்மணல் பாலையில் கிணறு தோண்டப் போயிருந்த அவள் தந்தை, அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அவனைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். திருமணமாகி வந்தபோது பதினாறு மெத்தைகள், ஒரு தகரப்பெட்டி, இவன் என்று மூன்று சீர்களோடு அவள் வந்தாள். மெத்தைகள் கிழிந்தன. பெட்டி துருப்பிடித்தது. தந்தை மறைந்தார். அவர் கை பட்டவற்றுள் இன்னும் மூச்சு விடுவது இவன் ஒருவனே.

அந்த மூச்சிலும் இப்போது ஒரு சீழ்க்கை ஒலி இருந்தது. அதற்குக் காரணம் மிர்வாசில். இலையுதிர் காலத்தில் ஒரு நாள், வெயில் காயட்டும் என்று பயில்வானைப் பால்கனியில் விட்டான், விட்டதை மறந்தான், அன்றுதான் அந்த ஆண்டின் முதல் உறைபனி இறங்கியது. மஸ்தூரா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அது ஒரு போர். போர் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. அவள் பதினொரு நாள் பேசாமல் இருந்தாள். தேநீர்க் கிண்ணத்தை அவன் முன் வைக்கும்போது எழும் சிறு ஒலிதான் அந்த நாட்களில் அவர்களுக்கிடையே நடந்த உரையாடல். அந்தப் பதினொரு நாட்களில் அவன் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டவற்றை அதற்கு முந்தைய ஐம்பத்தேழு ஆண்டுகளில் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொண்டதில் எதுவும் பெருமைப்படும்படி இல்லை.

கால்நடை மருத்துவர் ஆமையின் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்:

"வழக்கமா குளிர்ல தூங்குவான்ல? இந்த வருஷம் தூங்க விடாதீங்க. உடம்பு குளிர்ந்துச்சுன்னா சளி நெஞ்சுலேயே கட்டிக்கும். அப்புறம் வசந்தத்துல எழுப்பறதுக்கு ஆள் இருக்காது. சில்லா முடியற வரைக்கும் விளக்கு அணையக் கூடாது. அவ்வளவுதான்."

சில்லா என்பது நாற்பது நாள். அந்த நாட்டில் மாரிக்காலத்தின் கொடிய நாற்பது நாட்களுக்கும் சில்லா என்று பெயர். குழந்தை பிறந்த வீட்டில் தாயையும் சேயையும் வெளியாள் கண் படாமல், வெளிக்காற்று படாமல் காக்கும் நாற்பது நாட்களுக்கும் சில்லா என்றே பெயர். ஒரே உறையில் இரண்டு வாள்களைச் செருகி வைத்திருக்கும் சொல் அது. எந்த வாளை உருவுகிறோம் என்று பார்த்து உருவ வேண்டும். அதை மிர்வாசில் அன்று பார்க்கவில்லை. பார்க்காததனால்தான் இந்தக் கதை.

பன்னிரண்டு நாட்களுக்கு முன், மகள் நாதிராவின் முதல் பிரசவத்துக்காக மஸ்தூரா நமன்கானுக்கு ரயிலேறினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, கைப்பையின் பொத்தானைப் போட்டபடி, இரண்டே சொற்கள் சொன்னாள்.

"பயில்வான். எலுமிச்சை."

எலுமிச்சை என்பது கண்ணாடி அடைத்த பால்கனியில் ஒரு தொட்டியில் நின்ற செடி. அது முதல்முறையாகக் காய்த்திருந்தது, ஆறு காய்கள். அதைச் சுற்றி நாதிராவின் பழைய தொட்டில் மெத்தையைப் போர்த்தி மஸ்தூரா கயிறு கட்டியிருந்தாள். மிர்வாசில் தலையசைத்தான். அவனுக்கு வாய் வார்த்தையாக ஏதாவது வாக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் ரயில் நிலையத்துக்குப் போகும் டாக்சி கீழே காத்திருந்தது.

பேரக்குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள், முற்றுகை தொடங்கியது.

வடபுலத்து வாடை, சைபீரியச் சமவெளிகளைத் தரைமட்டமாக்கிக்கொண்டு, ஏரிகளுக்குப் பூட்டுப் போட்டு, குதிரைகளின் மீசையில் வெள்ளி வார்த்து, நகர எல்லையில் இருந்த பாப்ளர் மரங்களைக் குனியவைத்து உள்ளே நுழைந்தாள். கழித்தல் பதினேழு டிகிரி என்பது அவள் கொடி. மதில் வளைப்பது உழிஞை, மதில் காப்பது நொச்சி என்று தமிழ்ப் போர்முறை வகுத்தவர்கள், மதிலே ஆமையாக இருந்து அதற்குள் உயிரும் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டார்கள். காலை பத்தேகாலுக்கு அவளுடைய ஒற்றன் ஒருவன், எங்கே, எந்தக் கம்பியில், எந்தத் துணைநிலையத்தில் என்று இன்றுவரை எவரும் அறியார், நகரத்தின் உயிர்நரம்பை அறுத்தான். குளிர்பெட்டி ஒருமுறை விக்கி அடங்கியது. மின்தூக்கி நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, நல்லவேளையாக ஆளில்லாமல், நின்றது. சுடுநீரைத் தள்ளும் பம்புகள் ஓய்ந்ததால் சுவரோரக் குழாய்கள் மெல்ல மெல்லப் பிணங்களைப் போல ஆறின. பயில்வானின் மரப்பெட்டிக்கு மேலே, சில்லா முடியும் வரை அணையக் கூடாத அந்தச் செவ்விளக்கு, அணைந்தது.

பெட்டிக்குள் செருகியிருந்த வெப்பமானி இருபத்தெட்டு காட்டியது.

மிர்வாசில் முதலில் அழைத்தது நெருப்பை. எரிவாயு அடுப்பில் கேத்தலை ஏற்றி, வெந்நீரை நான்கு பிளாஸ்டிக் புட்டிகளில் நிரப்பி, நான்கு திசைக் காவலர்களைப் போலப் பயில்வானைச் சுற்றி நிறுத்தினான். இருபத்தெட்டு என்பது இருபத்தொன்பதானது. அவன் தன் மீசையைத் தடவிக்கொண்டான். ஆனால் ஊரில் இருந்த எல்லா வீட்டிலும் எல்லா மீசைகளும் அதே நேரத்தில் அதே அடுப்பைத்தான் மூட்டியிருந்தன. ஆகவே இரண்டாம் கேத்தலின்போது நீலச்சுடர் விரலளவானது. மூன்றாவதின்போது பூனை நாக்களவானது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இறந்தது. அவன் அடுப்பை மூடினான். வெப்பமானி இருபத்திநான்கு.

அடுத்து மெத்தைகளை அழைத்தான். பதினாறில் எஞ்சிய ஐந்தையும் அடுக்கிப் பெட்டியை ஒரு குன்றாக்கினான். குன்று அழகாக இருந்தது. ஆனால் மெத்தை வெப்பத்தைக் காக்குமே தவிரக் கொடுக்காது. ஆமையோ தனக்கென ஒரு கரண்டி வெப்பமும் இல்லாதவன், கதிரவனிடம் நாள்வட்டிக்கு வாங்கி வாழ்கிறவன். ஆறிய கல்லைப் பட்டால் போர்த்தினால் கல் பட்டுக்குள் ஆறியே இருக்கும். இருபத்தொன்று. குன்றுக்குள்ளிருந்து அந்தச் சீழ்க்கை வந்தது, தொலைதூர ரயில் போல. மிர்வாசில் மண்டியிட்டுக் கேட்டான். சற்று நேரம் அந்த அறையில் அந்த ஒலியைத் தவிர எதுவும் இல்லை. வெளியே பனி விழும்போது ஊரே பேச்சை நிறுத்திவிடும். ஒரு மனிதன் தன் தவறை மிகத் தெளிவாகக் கேட்கக்கூடிய நேரம் அது.

பத்தொன்பது.

அப்போதுதான் அவன் தன் உடம்பை அழைத்தான். சட்டையைத் திறந்தான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்தக் குளிர்ந்த கேடயத்தை எடுத்து, நெஞ்சோடு சேர்த்து, மேலே பஞ்சு வைத்துத் தைத்த நீள அங்கியை இழுத்துக் கயிறு கட்டினான். தொட்ட கணத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒலி எந்தப் போர்முழக்கத்திலும் சேராதது. பயில்வான் தன் எட்டு முன்நகங்களை அவன் மார்பில் ஊன்றினான். முதுகில் பட்டால் பழி, மார்பில் பட்டால் விழுப்புண் என்பார்கள். அந்த நிமிடத்தில் மிர்வாசிலுக்கு எட்டு விழுப்புண்கள். ஆனால் சூடு ஒரு வழியில் மட்டும் செல்லாது. கால் மணி நேரத்தில் ஆமை சூடேறியதைவிட மிர்வாசில் ஆறியதே அதிகம். அவன் பற்கள் தாளம் போடத் தொடங்கின.

தாளத்துக்கு நடுவே ஒரு எண்ணம் வந்தது. மின்சாரம் கேளாத நெருப்பு, எரிவாயு கேளாத நெருப்பு, வாடை எத்தனை முறை வந்தாலும் அசையாத நெருப்பு இந்தப் பகுதியில் ஒன்று உண்டு. கஃபூரின் ரொட்டி அடுப்பு. அது பருத்திச் செடிக் குச்சிகளை எரித்துச் சுடும் களிமண் குகை. அடுக்ககத்துக்கு எதிரே, தெருவைத் தாண்டி, இருநூறு அடி.

இடையில் ஒன்பது மாடி.

ஆமையை அங்கிக்குள் வைத்தே படியிறங்கினால் முழங்கால் இடறும்போது நசுங்கிவிடும். கையில் ஏந்தத்தான் வேண்டும். கையில் ஏந்தக்கூடிய அளவில் வீட்டிலிருந்த ஒரே மெத்தை தொட்டில் மெத்தை. மிர்வாசில் பால்கனிக் கதவைத் திறந்தான், கயிற்றை அறுத்தான், மெத்தையை உருவினான், அதன் மாதுளைப்பூ வேலைப்பாட்டுக்குள் பயில்வானை நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டான், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டான், படியில் கால் வைத்தான். எட்டாம் மாடி. ஏழாம் மாடி. வலது முழங்கால் முதல் முறையீட்டைச் சமர்ப்பித்தது. ஐந்தாம் மாடியில் ஒரு கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"அண்ணே, லிஃப்ட் எப்ப ஓடும்?"

"கரண்ட் வந்தா ஓடும்."

"கரண்ட் எப்ப வரும்?"

"லிஃப்ட் ஓடும்போது தெரியும்."

கதவு மூடிக்கொண்டது. மூன்றாம் மாடியில் இடது முழங்காலும் கூட்டணியில் சேர்ந்தது. அப்படியும் இறங்கினான்; தெருவைக் கடந்தான்; கஃபூரின் வாசலை அடைந்தான்; அடைந்து, அங்கே கண்ட காட்சியில் உறைந்தான்.

எரிவாயு போன வீடுகளிலிருந்தெல்லாம் மக்கள் ரொட்டிக்குத் திரண்டிருந்தார்கள். நாற்பது பேர். கம்பளித் தலைகள், புகையும் மூச்சுகள், ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிய நீள அணி. அந்த அணியின் நடுவே, எவரும் நியமிக்காமலே அதன் தளபதியாக நின்றவள் முகர்ரம் அக்கா.

முகர்ரம் அக்கா தரைத்தளத்தில் குடியிருந்தாள். வாசலருகே அவள் வளர்த்த, துளசி இனத்து ரைஹான் பாத்தியின் மணம் கோடைக்காலத்தில் நான்காம் மாடி வரை ஏறும். சென்ற ஆடியில், காற்று வாங்க இறக்கிவிடப்பட்ட பயில்வான், அந்தப் பாத்தியை மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு வரிசையையும் விடாமல், மூன்று மணி நேரத்தில் வென்றான். அன்று முதல் அவன் பெயரை அவள் முன் எவரும் உச்சரித்ததில்லை. அவளோ அவனைக் குறிப்பிட வேண்டி வந்தால் "அந்தப் பாத்திரம்" என்பாள், எந்தப் பாத்திரத்தில் அவனை வேகவைப்பது என்று யோசிப்பது போல.

"யாரு, மிர்வாசில் தம்பியா? கையில என்ன பொட்டலம்?"

பற்கள் தட்டிக்கொள்ள, மிர்வாசில் உண்மையைத்தான் சொன்னான்.

"அக்கா, கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க. இவனுக்குக் குளிர் ஆகாது. சில்லா முடியல."

அவன் உருவியது மாரிக்காலத்தின் வாள். முகர்ரம் அக்காவின் கண்ணிலோ மாதுளைப்பூ மெத்தை பட்டது. நாதிரா குழந்தையாக இருந்தபோது இரண்டு ஆண்டுகள் அந்த மெத்தை தன் வீட்டு ஜன்னலுக்கு மேலே கொடியில் காய்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நாதிராவுக்குப் பிள்ளை பிறந்ததும் அவளுக்குத் தெரியும். ஒன்றும் ஒன்றும் சேர்ந்து அவளுக்குள் மூன்றானது.

"ஐய, நாதிரா மெத்தை. வந்துட்டாளா? நேத்து ரயில்ல வந்திருப்பா. ஒரு வார்த்தை சொல்லல பாரு. பிறந்து ஒம்பது நாள் பச்சப்புள்ளைய இந்தக் குளிர்ல வெளியில தூக்கிட்டு வந்திருக்கியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அது சரி, வீட்ல வெச்சுருந்தா மட்டும் என்ன சூடு."

"அக்கா, இது வந்து..."

"பேசாத, வாயில குளிர் போகும்." அவள் அணியின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் தெருவின் இருபுறமும் எட்டியது. "சில்லாக் குழந்தை வருது. எல்லாரும் ஒதுங்குங்க. முகத்தைப் பாக்காதீங்க."

நாற்பது பேர் கொண்ட அணி, ஆற்றில் வெட்டிய வாய்க்கால் போல நடுவே பிளந்தது. அந்தப் பிளவில் மிர்வாசில் நடந்தான். அவன் ஒரு முறை வாயைத் திறந்தான். திறந்த வாயை, பொட்டலத்துக்குள்ளிருந்து வந்த சீழ்க்கை மூடியது. வழியெங்கும் கேள்விகள் பூமாரியாகப் பொழிந்தன. எந்தக் கேள்விக்கும் அவன் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது கடமை.

"யார் சாயல் தம்பி?"

"வயசானவங்க சாயல்."

"எல்லாப் புள்ளையும் பிறந்தப்ப அப்படித்தான். முடி நிறைய இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"அழவே காணோம்?"

"அழற சுபாவம் இல்ல."

"என்ன எடை?"

"ஒன்றரைக் கிலோ."

 பிறகு யாரோ ஒரு பெண், மிக மெதுவாக, "ஆண்டவன் காப்பாத்துவான்," என்றாள். முன்னால் நின்ற ஒரு கிழவர் தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்துப் பொட்டலத்தின் மேல் போட்டார். மிர்வாசில் தலைகுனிந்தான். அந்தச் சால்வைதான் அவன் சுமந்தவற்றிலேயே கனமாக இருந்தது.

கஃபூர் மாவுப்பலகையை ஒதுக்கி, அடுப்பின் வாயருகே ஒரு முக்காலியைப் போட்டான். ஆகா, அந்த வெப்பம். ஆயிரம் பருத்திக் காடுகளின் கோடை முழுவதும் அந்தக் களிமண் குகைக்குள் அடைபட்டிருந்து ஒரே மூச்சாக வெளியே பாய்ந்தது. மிர்வாசிலின் மீசைப் பனி சொட்டியது. முழங்கால்கள் இரண்டும் தங்கள் முறையீடுகளைத் திரும்பப் பெற்றன. மடியில் பொட்டலம் மெல்ல அசைந்தது. ஒரு கால், பிறகு எதிர்ப்பக்கத்து இன்னொரு கால். முகர்ரம் அக்கா முதல் ஈட்டு ரொட்டியில் ஒன்றை எடுத்தாள். ரொட்டியைத் தலைகீழாக வைக்கிறவனை, மிருகத்தின் அருகே வைக்கிறவனை அவள் மன்னித்ததே இல்லை. தெருவில் துண்டு கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைப்பாள். அந்த ரொட்டியை அவள் நெற்றியில் ஒற்றி, பொட்டலத்தின் தலைமாட்டில், முகம் மேலே பார்க்க, தன் கையாலேயே செருகினாள்.

"சில்லாக் குழந்தைக்குத் தலைமாட்டுல ரொட்டி இருக்கணும். எந்தக் கண்ணும் அண்டாது. உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லாததால இதையும் நாந்தான் பாக்கணும்."

சூடான ரொட்டி ஒரு பக்கம், அடுப்பு மறுபக்கம். இதைவிடச் சிறந்த அரண் எந்த மன்னனுக்கும் அமைந்ததில்லை. போர் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் முகர்ரம் அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. அவள் அங்கியின் பையிலிருந்து ஒரு பிடி காய்ந்த இசிரிக் செடியை எடுத்தாள். கண்ணேறு கழிக்க அதைத்தான் புகைப்பார்கள். கரண்டியில் தணல் வாங்கினாள், செடியைத் தூவினாள், கசப்பும் காரமும் கலந்த அடர்ந்த வெண்புகை எழுந்தது. அதைப் பொட்டலத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

பொட்டலத்துக்குள் சீழ்க்கை நின்றது. அதன் இடத்தில் ஒரு இழுப்பு வந்தது, நனைந்த துருத்தி போல. பிறகு இன்னொன்று.

இந்த இடத்தில் காவியம் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் மிர்வாசிலும் நின்றான். பேசாமல் இருந்தால் நெருப்பு உண்டு, ரொட்டி உண்டு, நாற்பது பேரின் கருணை உண்டு, புகையும் உண்டு. பேசினால் புகை போகும், மற்றவையும் போகும். பேசாமலிருப்பது அவனுக்குப் பழகியது. பால்கனி விஷயத்தில் ஏன் என்று மஸ்தூரா கேட்டிருந்தால், மறந்துட்டேன் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பதினொரு நாள்.

"அக்கா, புகை வேண்டாம். இவனுக்கு நெஞ்சுல சளி."

"எந்தக் குழந்தைக்குத்தான் சளி இல்ல."

"குழந்தை இல்லக்கா."

அவன் முடிச்சை அவிழ்த்தான். மாதுளைப்பூக்கள் விரிந்தன. ரொட்டிக்கும் கிழவரின் சால்வைக்கும் நடுவே, ஐம்பது ஆண்டுச் சுருக்கங்களோடு, முடியில்லாமல், பல்லில்லாமல், ஒன்றரைக் கிலோ எடையோடு, பயில்வான் கழுத்தை நீட்டினான். தும்மினான். பிறகு முகர்ரம் அக்காவைப் பார்த்தான்.

கஃபூரின் கையில் மாவு தொங்கியது. வாசலில் எட்டிப்பார்த்த நாற்பது தலைகளும் அசையவில்லை. அடுப்புக்குள் ஒரு குச்சி முறிந்தது. அந்த மௌனத்தின் நீளம் என்னவென்றால், அடுப்பின் உட்சுவரில் ஒட்டியிருந்த ஒரு ஈட்டு ரொட்டி முழுவதும் அதற்குள் சிவந்தது.

"இவன்தானே," என்றாள் முகர்ரம் அக்கா.

"ஆமாக்கா."

"பதினாலு செடி."

"பதினேழுக்கா. மூணு சுவரோரம் இருந்துச்சு. நான் உங்ககிட்ட சொல்லல."

அவள் கரண்டியைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள். நெற்றியில் ஒற்றி, தன் கையாலேயே, முகம் மேலே பார்க்க வைத்த ரொட்டி. அதை எடுத்தால், வைத்தது பாவம் என்றாகும். வைத்தவள் முகர்ரம். முகர்ரம் ரொட்டி விஷயத்தில் பாவம் செய்ததாக இந்தத் தெருவின் வரலாற்றில் இல்லை. பயில்வான் மீண்டும் இழுத்தான், மூக்கு நுனியில் ஒரு குமிழ் வந்து உடைந்தது.

அவள் கரண்டித் தணலை வெளியே பனியில் கொட்டினாள். சீறி அணைந்தது. வாசலில் நின்று அணியின் பக்கம் திரும்பினாள்.

"என்ன எல்லாரும் பாத்துட்டு நிக்கறீங்க? சில்லால இருக்கறவன் முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. திரும்புங்க."

நாற்பது பேரும் திரும்பினார்கள். சால்வை கொடுத்த கிழவர் திரும்புவதற்கு முன் ஒரு கணம் தயங்கி, "தாத்தா சாயல் நல்லாவே தெரியுது," என்றார். அணியின் கடைசி வரை தோள்கள் குலுங்கின. ஆனால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மிர்வாசிலும் முகர்ரம் அக்காவும் அடுப்பருகே மாலை வரை அமர்ந்திருந்தார்கள், ஆமையை ஒருவர் மடியிலிருந்து ஒருவர் மடிக்கு மாற்றிக்கொண்டு. ரொட்டி ஆறியபோதெல்லாம் அவள் சூடான ஒன்றை வைத்தாள். ஆறியதை மிர்வாசில் தின்றான், ஏனெனில் ரொட்டியை வீணாக்கக் கூடாது. ஒரு தடவை மட்டும் அவள் சொன்னாள்:

"கோடையில என் பாத்திப் பக்கம் வந்தான்னா சூப்பு வெச்சிருவேன்."

"சரிக்கா."

"சொல்லிட்டேன்."

"சரிக்கா."

அவள் ஆமையின் ஓட்டில் ஒட்டியிருந்த மாவைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். சீழ்க்கை மெலிந்து மெலிந்து, நான்கு மணிக்கு மேல், காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்கானது.

ஐந்தரைக்குத் தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழித்தன. நகரம் முழுவதும் ஒரே குரலாக ஒரு "ஆ" எழுந்தது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே தவம் கிடந்த மின்தூக்கி, தன் மருத்துவனின் குரல் கேட்டது போல உறுமி இறங்கி வந்து, கதவைத் திறந்து நின்றது. அதில் மிர்வாசில் ஏறினான், முடிசூடச் செல்லும் மன்னன் யானையில் ஏறுவது போல. மாதுளைப்பூ மெத்தைக்குள் பயில்வான், தோளில் பதினேழு செடிகளின் மன்னிப்பு, பையில் நாளைக்கும் சேர்த்து நான்கு ரொட்டிகள். ஐந்தாம் மாடியில் ஒரு கதவு திறந்து, "ஓடுது, ஓடுது," என்றது. ஒன்பதாம் மாடியில் செவ்விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருந்தது. வெப்பமானி இருபத்தாறைத் தொட்டது, இருபத்தேழைத் தொட்டது. தனக்குரிய கதிரவனின் கீழே தன் பெட்டி நடுவில் நின்ற பயில்வான், ஒரு முட்டைக்கோசு இலையைப் பகைவன் நாடு போல ஓரத்திலிருந்து கைப்பற்றத் தொடங்கினான்.

அப்போது கைபேசி ஒலித்தது. மஸ்தூரா.

"காலையிலேர்ந்து லைனே கிடைக்கல. அங்கேயும் கரண்ட் இல்லையாமே. பயில்வான்?"

"உயிரோட இருக்கான். இல போட்டேன், தின்னுட்டு இருக்கான்." பிறகு, யாரும் கேட்காமலே, மிர்வாசில் சொன்னான்: "அன்னிக்குப் பால்கனில நான்தான் மறந்துட்டேன்."

நமன்கானில் ஒரு மௌனம் விழுந்தது. அவன் அதைக் கேட்டான். முந்தைய பதினொரு நாள் மௌனத்திலிருந்து அது வேறாக இருந்தது. உள்ளே யாரோ ஒரு மெத்தையை விரித்துப் போடுவது போல இருந்தது. பின்னணியில் பேரக்குழந்தை அழுதது, சரியான எடையோடு.

"தெரியும்," என்றாள் மஸ்தூரா. அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "சரி, சாப்பிட்டீங்களா? அப்புறம் எலுமிச்சைக்குப் போர்த்தினது நழுவிடலையே? பாத்துக்கங்க."

வாடையை வென்றவன், எட்டு விழுப்புண் ஏற்றவன், நாற்பது பேரை முகம் திருப்ப வைத்தவன், ரைஹான் பாத்தியின் பழம்பகையை ரொட்டியால் தீர்த்தவன், மின்தூக்கிகளின் மருத்துவன் மிர்வாசில், கைபேசியைக் காதில் வைத்தபடியே, ஆமை இறங்கிய பின் தரையில் கிடந்த மாதுளைப்பூ மெத்தையைப் பார்த்தான். பகல் முழுவதும் திறந்தே கிடந்த பால்கனிக் கதவைப் பார்த்தான். வெற்றி வீரர்களுக்கே உரிய பெருமித நடையில் மூன்றடி முன்வைத்து, திரைச்சீலையை விலக்கினான்.

எலுமிச்சைச் செடி செத்துப்போயிருந்தது.